மெழுகுதிரி ஏந்த மறுத்த கை

கீழைக் கடலின் விளிம்பில் செம்மை பரவ, இரவெல்லாம் வலை வீசி அலுத்த படகுகள் இருமருங்கும் மூங்கிற் சிறகு விரித்தபடி ஒவ்வொன்றாய்க் கரை சேர, மீன்கூடை தலையில் ஏற்றிய மகளிர் ஈரமணலில் கால் புதைய விரைந்து நடக்க, உலரும் கருவாட்டின் மணமும் அடுமனைகளில் அப்போதுதான் வெந்திறங்கிய சிற்றப்பங்களின் மணமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் தெருத்தெருவாய் அலைய, முந்நூறு மூவுருளி ஊர்திகள் ஒரே வேளையில் இருமிக் கனைத்துத் துயில் கலைந்து எழ, பெருங்கோயிலின் மணி ஏழு முறை ஒலித்து அடங்கிய ஒரு திங்கட்கிழமைக் காலையில், லினாவ் நகரத்தின் ஆட்சிமன்ற முற்றத்தில், எழுத்தர் முதல் தெருக் கூட்டுவோர் ஈறாக நகரப் பணியாளர் அனைவரும் கொடிக்கம்பத்தை நோக்கி வரிசையாய் நின்றிருந்தனர். திங்கட்கிழமைதோறும் கொடியேற்றி, நாட்டுப்பண் பாடி, பின்னர் நகரத் தந்தையின் உரை கேட்டுக் கலைவது எங்கள் ஊர் வழக்கம். பண் சிறிது நேரமே; உரைதான் வெயில் ஏறும் வரை நீளும்.

தமிழின் சுவை அறிந்த நண்பரே, யான் இந்நகரத்துப் பெண்ணை மணந்து, சந்தை முனையில் மிளகும் மஞ்சளும் விற்று, இருபத்தாறு ஆண்டுகளாய் இவ்வூர்க் காற்றையே உண்டு வாழ்பவன். ஆதலால் எங்கள் ஊரின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே உரைக்க எனக்கு உரிமை உண்டு. அன்று அம்முற்றத்தில் நிகழ்ந்தது சிறுமை. அதன் பின் ஆறு நாள் கழித்து நிகழ்ந்ததைப் பெருமை என்று உரைக்கவே இக்கதையை எடுத்தேன்.

நகரத் தந்தை ஏவரிஸ்தோ மொந்தால்போ, வயிறு முன்னே வரப் புன்னகை பின்னே வர மேடை ஏறினார். மூன்றாம் முறையாக அப்பதவியில் அமர்ந்தவர். இந்நகரில் மணந்தோரில் பாதிப்பேருக்கு ஞானத்தந்தையாய் நின்றவர். ஆதலால் தேர்தலில் அவர் வாக்குக் கேட்டு நடந்ததே இல்லை, உறவு கேட்டே நடந்தார்.

“உங்க எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி!” என்றார், ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிக்கொண்டு. “நம்ம போங் இருக்கானே, என் மகன், அவன் பையனுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். என் மொதப் பேரன்! ஞானத்தாய் யாரு தெரியுமா? இந்த ஊரு போலீசுக்கே தாய், நம்ம ஹெப்பே, கர்னல் நெனிதா துமுலாக்!”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் சீருடையுடன் நின்ற, ‘ஹெப்பே’ என்று ஊரார் அழைக்கும் காவல் தலைவியை நோக்கி அவர் இரு கைகளையும் விரித்தார். “இனிமே உங்கள ஹெப்பேன்னு கூப்பிட மாட்டேன். கும்மாரேதான். பழகிக்கங்க!”

“ஐயோ, கிறிஸ்துமஸ் வந்தா மேம் எங்க போய் ஒளிவாங்க?” என்று பின்வரிசையில் ஒருவன் கூவ, முற்றம் குலுங்கிச் சிரித்தது. ஞானப்பிள்ளைகள் பரிசு கேட்டு வரும் பெருநாளில் ஞானப்பெற்றோர் கதவடைத்து ஒளிவது எங்கள் ஊரின் பழைய நகைச்சுவை.

ஆனால் அவ்வுறவு நகைச்சுவை அன்று. ஒரு பிள்ளையின் திருமுழுக்கில் மெழுகுதிரி ஏந்தி நின்றவள், அப்பிள்ளையின் தந்தைக்கும் தாய்க்கும் உடன்பிறந்தாரினும் நெருங்கிய உறவினள், ‘கும்மாரே’, ஆகிறாள். அவ்வுறவுக்காரன் மேல் எவரும் வழக்காடுவதில்லை, வாய்திறந்து பழி சொல்வதும் இல்லை. அதுமட்டுமன்று, அவ்வாறு நிற்குமாறு கேட்டவரை மறுத்தால் பிள்ளைக்குத் தீங்கு சூழும் என்பது இங்குள்ளோர் குருதியில் ஊறிய நம்பிக்கை. ஆதலால் மறுப்போர் இலர். ஆதலால் கேட்போரும் உண்மையில் கேட்பதில்லை. நெனிதா அம்மையாரின் பெயரை முதற்பெயராய்ப் பொறித்த அழைப்பிதழ்கள், அம்மையார் செவியில் செய்தி விழுமுன்னரே இருநூறு இல்லங்களில் வழங்கப்பட்டுவிட்டன.

அம்மையார் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. கொடிக்கு வணக்கம் செலுத்தித் திரும்பி நடந்தார். வாய் பேசாமையை ஊரார் இசைவென்றே கொண்டனர். யானும் அவ்வாறே கொண்டேன் என்பதை நாணத்துடன் ஒப்புகிறேன்.

அப்பிள்ளையின் தந்தையோடு அம்மையாருக்கு ஏன் உறவு கூடாது என்பதை இனி உரைக்க வேண்டும். அந்தக் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னர், வெள்ளிக்கிழமை மாலை, கடற்கரைச் சாலையில், ரொடெல்லோ சிபாயான் என்னும் மூவுருளி ஓட்டி, நகரத் தந்தையின் வீட்டுக் கருநிற ஊர்தி மோதி மாண்டான். இருபத்தொன்பது அகவையினன், மரிசெல் என்னும் மனைவியையும், பிறந்து முப்பது நாளே ஆன பெண்மகவையும் விட்டுச் சென்றான். மோதிய ஊர்தி நில்லாமல் போயிற்று. அரைமணி நேரத்தில், நகரத் தந்தையின் ஓட்டுநன் இஸ்கோ தானே காவல் நிலையம் வந்து, தலை கவிழ்ந்து, “நான்தான் ஓட்டினேன்” என்றான்.

அம்மையார் அவ்வூர்தியை நிலைய முற்றத்துக்குக் கொணரச் செய்தார். எவரும் எதையும் தொடலாகாது என்று கட்டளையிட்டு, இஸ்கோவை அழைத்தார்.

“டோங், ஏறி உக்காரு” என்றார், இளையவனை அழைக்கும் இவ்வூர்ச் சொல்லால்.

அவன் ஏறி அமர்ந்தான்.

“பிரேக்க மிதி.”

இஸ்கோவின் கால்கள் வெற்றிடத்தில் துழாவின. அவன் ஐந்தடியினும் குறைந்தவன். இருக்கையோ பின்னோக்கித் தள்ளப்பட்டு, ஆறடி ஆளுக்கு அமைந்திருந்தது. உயர்ந்த பலகையில் அமர்த்திய பிள்ளையின் கால்களைப் போல் அவன் கால்கள் தொங்கின. சூழ நின்ற காவலர் இருவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினர்.

“சீட்ட முன்னால தள்ளிக்கட்டுமா, மேம்?”

“தள்ளாத. ஓட்டினப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே மிதி.”

அவன் சரிந்து சரிந்து முயன்றான், முடியவில்லை. பின்னர் ஊர்தியைத் திருப்பும் வளையத்தின் மேல் நெற்றியைச் சாய்த்து அழலானான். “என் கல்யாணத்துக்கு மேயர்தான் மேம் ஞானத்தகப்பன். நான்தான் ஓட்டினேன். அப்பிடியே எழுதிக்கங்க, மேம்.”

சிரிப்பை விழுங்கிய காவலர் தரையை நோக்கினர். நகரத் தந்தையின் மகன் போங் கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவன். ஆறடிக்கு மேல் இரண்டு விரல். இதை அறியாதவர் லினாவில் எவரும் இலர். மறுநாள் காலை அம்மையார் இஸ்கோவை விடுவித்தார். “கால் எட்டாதவன என்னால உள்ள வைக்க முடியாது. வீட்டுக்குப் போ” என்பதே அவர் உரைத்த காரணம்.

நெனிதா துமுலாக் அம்மையார் யார் என்று வினவுவீர். அவர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இந்நகரச் சந்தை முனையில் வெயிலிலும் மழையிலும் நின்று, ஊர்திகளுக்குக் கைகாட்டிய எளிய காவலர். பல ஊர்களில் பணியாற்றி, படிப்படியாய் உயர்ந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்தின் முதற் பெண் காவல் தலைவியாய்த் திரும்பினார். வந்த முதற் கிழமையே தம் மேசையைக் குளிர்ந்த அறையினின்று தூக்கி, நிலைய வாயிலில், தெருவில் போவோர் காணும்படி இடச் செய்தார். இழவு வீட்டில் நுழையும் காவலர் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றார். கடைகளில் காவலர் உண்டுவிட்டு ஏப்பத்தை மட்டும் விலையாய்க் கொடுத்துச் செல்லும் வழக்கத்தை ஒழித்தார். என் கடையில் மிளகு வாங்கிய காவலன் முதன்முதலாய்க் காசு நீட்டிய நாளில், அவனுக்கு உடல்நலம் குன்றியதோ என்று யான் அஞ்சினேன். மூவுருளி ஓட்டிகளைக் கூட்டி, ஆலையில் வேலை முடிந்து வரும் பெண்களை வீடு சேர்க்கும் காவற்குழு அமைத்தார். மாண்ட ரொடெல்லோவும் அக்குழுவில் ஒருவன். குடித்து மனைவியை அடித்த கணவரை அம்மையார் சிறையில் அடைத்ததோடு அமையாமல், கிழமைதோறும் தம் வாயில் மேசை முன் வந்து அமரச் செய்தார். அவ்வழியே சந்தைக்குச் செல்லும் மகளிர் கூட்டத்தின் பார்வையினும் கொடிய தண்டனை அவர்களுக்கு இல்லை.

அத்தகையவரும் ஒருமுறை தவறினார். பதினோராண்டுகளுக்கு முன், மறுகரையில் ஒரு சிற்றூரில் காவல் தலைவியாய் இருந்தபோது, கடலில் வெடி வீசி மீன் பிடிப்போர்க்குப் பின்னின்று பொருள் தந்த ஒருவனின் பிள்ளைக்கு ஞானத்தாயாய் நின்றார். அடுத்த ஆண்டு, அவன் கொடுத்த வெடி படகிலேயே வெடித்து இரு முக்குளிப்போர் மாண்டனர். அயலார் எவரேனும் அப்பொறுப்பில் இருந்திருந்தால் அக்கணமே சென்று அவனைப் பிடித்திருப்பர். அம்மையாரோ, உறவுக்காரனை ஊரார் நடுவே விலங்கிட்டு இழுப்பது முறையன்று, தானே வந்து அடங்கட்டும் என்று எண்ணி, முன்னதாகச் சொல்லி அனுப்பினார். அவன் அன்று பகலே படகேறிப் போனான்; இன்றுவரை அகப்படவில்லை. எங்கள் மண்ணில் பிறந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அன்று முதல் அம்மையார் எந்தப் பிள்ளைக்கும் மெழுகுதிரி ஏந்தியதில்லை. கேட்டு வருவோரைத் தனியே அழைத்து, கைபற்றிப் பேசி, பட்டும் படாமலும் அனுப்பிவிடுவார். ஊரார் முன்னே எவரையும் மறுத்ததில்லை. பரிசுக்கு அஞ்சும் கஞ்சப்பிசினாரி என்று ஊரார் கேலி பேசினர், பேசட்டும் என்றிருந்தார்.

புதன்கிழமை நகரத் தந்தையே காவல் நிலையம் வந்தார். வாயிலில் இருந்த மேசை அவருக்கு ஒவ்வவில்லை. ஆயினும் வேறிடம் காட்டுவார் இல்லாமையால் அங்கேயே அமர்ந்து, அழைப்பிதழை நீட்டினார்.

“பாத்தீங்களா, கும்மாரே? உங்க பேருதான் முதல்ல. மாகாண டாக்டர் பேரே ரெண்டாவதுதான்.”

“பாத்தேன், மேயர். என்னக் கேக்காமயே அடிச்சிருக்கு.”

“இதுக்குப் போய் யாராவது கேப்பாங்களா?” அவர் வியப்பில் கள்ளம் இல்லை, மறுப்பு என்பதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. “சரி, வேலையப் பேசுவோம். இஸ்கோ ஒத்துக்கிட்டான். அவன் குடும்பத்த நான் பாத்துக்கிறேன். அந்த ட்ரைசிகிள்காரன் பொண்டாட்டியையும் பாத்துக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

“இஸ்கோ ஜெயிலுக்குப் போவான்.”

“அவன் என் ஞானப்பிள்ள. எனக்காக இதுகூடச் செய்ய மாட்டானா?”

“பிள்ளையக் காப்பாத்துறவன்தான் ஞானத்தகப்பன்னு ஃபாதர் சொன்னதா ஞாபகம். எனக்குத்தான் காது சரியில்ல போல.”

நகரத் தந்தையின் புன்னகை, கடை மூடும் வேளையின் தட்டி போல் மெல்ல இறங்கியது. “உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டரை வருஷம். மாகாணத் தலைமைக்கு நான் ஒரு போன் போட்டாப் போதும். கடைசித் தீவுல, ரெக்கார்ட் ரூம்ல உக்காந்து கொசு அடிக்கலாம்.”

“பரவால்ல. கொசு எங்கிட்ட சொந்தம் கொண்டாடாது.”

“ஞாயித்துக்கிழமை நீங்க வரலன்னாலும் கவலையில்ல,” என்று எழுந்தார் அவர். “என் தங்கச்சி உங்க பேர்ல திரி பிடிப்பா. கோயில் புத்தகத்துல உங்க பேருதான் ஏறும். ஏறிட்டா ஏறினதுதான், கும்மாரே.”

அவர் உரைத்தது உண்மை. வர இயலாதவருக்காக வேறொருவர் திரி ஏந்துவதும், ஏட்டில் வராதவர் பெயரே ஏறுவதும் இங்கு இயல்பு. அவர் ஊர்தி மறைந்த பின் அம்மையார் நீர்க்குவளையை எடுத்தார். பருக மறந்து அதை அழைப்பிதழின் மேல் வைத்தார். அஞ்சாதவர் என்று அவரைப் பாடுவோர் உளர். யான் பாட மாட்டேன். அவர் அஞ்சினார். இரண்டரை ஆண்டுகளும், ஓய்வூதியமும், இருபத்தெட்டு ஆண்டுகள் வெயிலில் நின்று ஈட்டிய நற்பெயரும் ஒரு தொலைபேசி அழைப்பில் போகும் என்பதை அறிந்தே அஞ்சினார்.

வியாழனன்று ரொடெல்லோவை அடக்கம் செய்தனர். இருநூறு மூவுருளிகள் பிணப்பெட்டியின் பின்னே ஊர்ந்தன. அம்மையாரும் தொப்பியைக் கையில் ஏந்தி, பெட்டியின் பின்னே நடந்தார். இடுகாட்டு வாயிலில் மூவுருளி ஓட்டிகளின் தலைவன் தொத்தோய் அவரை மறித்தான்.

“போதும் மேம். நாளைக்குக் காலைல இருநூறு வண்டியும் சிட்டி ஹால் வாசல்ல குறுக்க நிக்கும். கல்லும் ரெடி.”

“கண்ணாடி ஒடையும். அப்புறம்?”

“அப்புறம் அவங்களுக்குப் புரியும்.”

“ஒண்ணும் புரியாது. நாளைக்கு நீ கல்ல எறிஞ்சா நாளன்னைக்கு உன்னத்தான் நான் பிடிக்கணும். போங் நல்லவனாயிடுவான், நீ ரவுடியாயிடுவ. ரொடெல்லோவப் பத்தி யாருமே பேச மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடு, தொத்தோய்.”

“ஞாயித்துக்கிழமைதான் நீங்க அவங்க வீட்டுப் பிள்ளைக்குத் திரி பிடிக்கப் போறீங்களே!” என்றான் அவன், முகத்துக்கு நேராக.

அம்மையார் அவனுக்கு மறுமொழி சொல்லுமுன், மகவை மார்போடு அணைத்தபடி மரிசெல் வந்து நின்றாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. “அன்னிக்குத்தான் மேம் என் பொண்ணுக்கும் ஞானஸ்நானம். அவருதான் கோயில்ல பேர் எழுதி வச்சுட்டுப் போனாரு. நான் மாத்த மாட்டேன். ஒரே வரிசையில அவங்களும் நிப்பாங்க, நானும் நிப்பேன். நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்கன்னு மட்டும் சொல்லிருங்க.”

“அவங்க பிள்ளைக்கு நான் பிடிக்க மாட்டேன், இண்டாய்” என்றார் அம்மையார், மகளே என்னும் பொருள்பட.

“மேயர் கேட்டாருன்னு ஊரே சொல்லுது.”

“கேக்கல. அச்சடிச்சாரு.”

அன்று மாலையே அம்மையார் இஸ்கோவின் குடிலுக்குச் சென்றார். அவன் ஒருவனே ஊர்தியில் போங்கின் அருகே அமர்ந்திருக்கக்கூடியவன்; அவன் வாய் திறவாவிடின், எட்டாத காலும் பின்தள்ளிய இருக்கையும் மட்டும் வழக்காகுமா என்று எவரும் நகைப்பர். இஸ்கோ வாயிற்படியை விட்டு எழவில்லை.

“மேம், ஒண்ணு கேக்கறேன். மேயர்கிட்ட முடியாதுன்னு சொன்ன ஒரு ஆள நீங்க பாத்திருக்கீங்களா? ஒரே ஒரு ஆள்?”

அம்மையார் படியில் அவன் அருகே அமர்ந்தார். “இல்ல” என்றார்.

“அப்ப என்னக் கேக்காதீங்க.”

வெள்ளிக்கிழமை, தையற்காரனின் அளவுநாடாவால் அளந்த இருக்கைக் கணக்கோடும், இஸ்கோவின் கால் நீளத்தோடும், அவன் வாய்மொழி இல்லாமலே, அம்மையார் வழக்கைப் பதிவுசெய்தார். வண்டி ஓட்டிக் கொன்றவன் என்ற இடத்தில் போங் மொந்தால்போவின் பெயர் இருந்தது. அரசு வழக்குரைஞரின் எழுத்தர் அப்பெயரைக் கண்டு முத்திரையை அந்தரத்திலேயே நிறுத்தினார். “இன்னிக்கே பதியணுமா, மேம்?” “இன்னிக்கேதான்.” முத்திரை விழுந்த ஓசை இரண்டு மணி நேரத்தில் நகரத் தந்தையின் செவிக்கு எட்டியது. ஆயினும் அவர் கலங்கவில்லை என்று கேள்வி. ஞாயிறன்று அப்பெண் தம் உறவுக்காரி ஆகிவிடுவாள்; உறவுக்காரி தொடுத்த வழக்கு ஒரு கிழமையில் வாடி உதிரும்; சாட்சியோ இல்லை. அவர் கணக்கு அது.

ஞாயிறு வந்தது. பெருங்கோயிலில் பதினொரு மகவுகள் திருமுழுக்குக்குக் காத்திருந்தன. முன்னே, பூவேலை செய்த மெல்லிய வெள்ளாடையில் நகரத் தந்தையும், அவர் அருகே மற்றவர் தலைகளுக்கு மேல் தலை தெரிய நின்ற போங்கும், பட்டுத்துணியில் பொதிந்த பிள்ளையும். வரிசையின் கடைசியில், கறுப்பு உடையில் மரிசெல். தூணருகே, பட்டுப்பிள்ளையின் பால்புட்டிப் பையைத் தோளில் தாங்கியபடி இஸ்கோ. ஊர் முழுவதும் அங்கிருந்தது. என் மனைவியின் வற்புறுத்தலால் வந்தேன் என்று யான் சொல்வதுண்டு. உண்மையில் வேடிக்கை காணவே வந்தேன்.

குருவானவர் ஞானப்பெற்றோரின் பெயர்களைப் படிக்கலானார். முதற் பெயர்: நெனிதா துமுலாக்.

நகரத் தந்தையின் தங்கை, மெழுகுதிரியைக் கையில் ஏந்தி, அவர் பெயரால் முன்செல்ல அடியெடுத்து வைத்தாள். அக்கணம் கடைசி இருக்கையிலிருந்து அம்மையார் எழுந்தார். முழுச் சீருடை, கையில் தொப்பி. நடுவழியில் அவர் நடந்து வர, நகரத் தந்தையின் முகம் மலர்ந்தது; தொத்தோய் பல்லைக் கடித்தான்; எனக்கோ, சொல்ல நாணுகிறேன், நெஞ்சம் சோர்ந்தது. பட்டுப்பிள்ளையின் முன்னே வந்து நின்ற அம்மையார் நீட்டிய திரியை வாங்கவில்லை.

“ஃபாதர், என் பேர அடிச்சிருங்க. என் பேர்ல வேற யாரும் பிடிக்கவும் கூடாது. இந்தப் பிள்ளையோட அப்பா மேல நான் கேஸ் போட்டிருக்கேன். அவருக்கு நான் கும்மாரே ஆக மாட்டேன்.”

“கோயில்ல வச்சுப் பேசற பேச்சா இது?” என்று நகரத் தந்தை சீறினார். “பச்சப் பிள்ளைக்கு ஆகாதுன்னு தெரியாது? அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னத்தான் ஊரு சொல்லும்!”

அம்மையார் குனிந்து பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டார். “உனக்கு ஒண்ணும் ஆகாதுடா, செல்லம். நீ நூறு வயசு இருப்ப. உங்கப்பன் செஞ்சது உன் மேல ஒட்டாது.” பின்னர் நிமிர்ந்து நகரத் தந்தையின் கண்களை நோக்கினார். “மேயர், உங்ககிட்ட யாரும் சொன்னதில்லயாமே. நான் சொல்றேன். முடியாது.”

கூரை இடிந்து விழும் என்றே நாங்கள் காத்திருந்தோம். மேலே விசிறிகள் எப்போதும் போல் முனகிச் சுழன்றன. பட்டுப்பிள்ளை வாய் அகலத் திறந்து கொட்டாவி விட்டது. பின்னால் எவளோ ஒருத்தி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அவ்வளவே. இத்தனை ஆண்டுகளாய் எதற்கு அஞ்சினோம் என்று என்னை நானே வினவிக்கொண்டேன்.

அப்போது தூணருகே ஏதோ விழுந்த ஓசை கேட்டது. இஸ்கோ பையைத் தரையில் போட்டிருந்தான்.

“ஃபாதர்… நான் ஓட்டல.” அவன் தூணை விட்டு முன்னே வந்தான். “நான் பக்கத்து சீட்டுல இருந்தேன். ஓட்டினது போங் சார். நிறுத்துங்க நிறுத்துங்கன்னு சொன்னேன். நிறுத்தல.”

“இஸ்கோ!” என்று கோயில் அதிரக் கத்தினார் நகரத் தந்தை.

அச்சிற்றுருவன் இருகைகளையும் கூப்பினான். கண்ணீர் வழிந்தபடியே இருந்தது. “மன்னிச்சிருங்க ஞானத்தகப்பா. என் காலு எட்டல.”

வரிசையின் கடைசியில் மரிசெல் நிலத்தில் அமர்ந்து, மகவின் தலையில் முகம் புதைத்துக் கேவினாள். அருகிருந்த பெண்கள் அவளைத் தாங்கினர். குருவானவர் நூலைத் திறந்து, பதினொரு மகவுகளுக்கும் ஒரே தொட்டியின் நீரை ஊற்றினார். பட்டுப்பிள்ளைக்கு வேறொருத்தி திரி ஏந்தினாள். அதற்கு எக்குறையும் நேரவில்லை, இன்று தவழ்ந்து திரிகிறது.

எனினும் கதை கோயிலில் முடியவில்லை. சொன்ன சொல் காற்றில் போகும். உறுதிமொழியேற்று, எழுதி, ஒப்பமிட்டால்தான் சான்றாகும். அவ்வுறுதிமொழியை வாங்கும் உரிமை அம்மையாருக்குப் பதவியில் இருக்கும் வரைதான் உண்டு. நகரத் தந்தையோ கோயில் வாயிலிலேயே கைப்பேசியை எடுத்துவிட்டார்; அம்மையாருக்குப் பின் வரவிருந்தவர் அவருடைய சம்பந்தி. ஆதலால் கோயிலிலிருந்து நேரே நிலையம் சென்று, வாயில் மேசையில் இஸ்கோவை அமர்த்தி, அவன் வேண்டிய வழக்குரைஞரையும் அருகிருத்தி, எழுத்து வேலை தொடங்கிற்று. இஸ்கோ மெல்ல எழுதுபவன். ஒவ்வொரு சொல்லையும் விதை ஊன்றுவது போல் ஊன்றி ஊன்றி எழுதினான். தெருவில் இருநூறு மூவுருளிகள், கல்லேதும் இல்லாமல், ஒலியின்றி நின்றன.

அவன் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது மாகாணத் தலைமையகத்தின் ஊர்தி வந்தது. நரை படிந்த காவலர் ஒருவர் இறங்கி, வணக்கம் செலுத்தி, பழுப்பு உறையொன்றை நீட்டினார். அதில் என்ன இருந்தது என்பதை அறிய அதைத் திறக்கத் தேவையில்லை. பெற்றுக்கொண்டேன் என்று ஒப்பமிட்ட கணமே அம்மையாரின் பதவி நீங்கும்.

“இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, சார்ஜென்ட்” என்றார் அம்மையார், உறையைத் தொடாமல். “இவன் முடிக்கிற வரைக்கும் நான்தான் ஹெப்பே.”

வந்தவர் மேசையைப் பார்த்தார், இஸ்கோவைப் பார்த்தார், தரையை எட்டாமல் நாற்காலியிலிருந்து தொங்கிய அவன் கால்களைப் பார்த்தார். பின்னர் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பலகையில் அமர்ந்தார். “காப்பி கிடைக்குமா, மேம்? சூடா இருந்தா நல்லது. எனக்கு ஆறவச்சுக் குடிச்சுத்தான் பழக்கம்.”

அவர் மூன்று குவளை குடித்தார். ஒவ்வொன்றையும் ஊதி ஊதி ஆற்றினார். இடையே அவர் கைப்பேசி ஒன்பது முறை ஒலித்தது. “என்னங்க, சரியாக் கேக்கல, இங்க டவர் இல்ல” என்று நல்ல வெயிலில், ஊர் நடுவே அமர்ந்து அவர் கூறியதை இருநூறு பேர் கேட்டோம். இஸ்கோ கடைசிப் பக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதி முடித்தான். அம்மையார் அவனை வலக்கை உயர்த்தச் சொல்லி, உறுதிமொழி வாங்கி, தாமும் ஒப்பமிட்டு, ஒரு படியை வழக்குரைஞரிடமும் ஒரு படியை மரிசெல்லிடமும் தந்தார். அதன் பின்னரே பழுப்பு உறையைக் கைநீட்டி வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம் என நேரத்தையும் குறித்தார்.

அவர் எழுந்தபோது, பதவி இழந்த ஒருவருக்கு வணக்கம் செலுத்தும் கடமை இல்லாத காவலர் அனைவரும் நிமிர்ந்து வணக்கம் செலுத்தினர். காப்பி குடித்தவரும் எழுந்து செலுத்தினார். அம்மையார் இன்று கடைசித் தீவில், பழந்தாள்கள் அடுக்கிய அறையில், கொசுக்களோடு பணியாற்றுகிறார். நகரத் தந்தை இன்னும் தம் நாற்காலியில் இருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, கூண்டில் நிற்பவன் ஆறடி உயரம். சென்ற திங்கட்கிழமை கொடியேற்றம் முடிந்து, யாரோ ஒரு தெருக் கூட்டும் பெண்ணிடம் நகரத் தந்தை ஏதோ பணித்தபோது, “அது என் வேல இல்ல, சார்” என்று அவள் நின்ற இடத்திலேயே சொன்னாளாம். அச்சொல்லைச் சொல்ல எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும், நண்பரே, அதை எங்களிடமிருந்து மாற்றலாக்கி எந்தத் தீவுக்கும் அனுப்ப முடியாது.